கல்லீரல் கட்டி: அறுவைக்கு முன்னால் ஸ்கேனில் நாங்கள் தேடுவது

"ரத்தக்குழாயில பரவல் இல்லைன்னு ரிப்போர்ட்ல தெளிவா போட்டிருக்கே டாக்டர், அப்புறம் எதுக்கு இன்னொரு எம்.ஆர்.ஐ.?" கல்லீரல் கட்டிக்கு ஆபரேஷன் நாள் குறித்துவிட்ட குடும்பங்கள், ஸ்கேன் பார்க்கும் மருத்துவரான என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரி பொய்யும் இல்லை. ஆனால் அது பேசுவது போர்ட்டல் வெயின் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரை) போன்ற பெரிய குழாய்களையும், படத்தில் கண்ணுக்குத் தெரியும் அவற்றின் கிளைகளையும் பற்றித்தான். மைக்ரோஸ்கோப்பில் மட்டுமே தெரியக்கூடிய நுண்குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் நுழைந்துவிட்டனவா என்று அந்த வரி சொல்வதில்லை. மருத்துவர்கள் இதை மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன், சுருக்கமாக எம்.வி.ஐ., என்போம்.

இது ஏன் முக்கியம்? கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயில் பெரும்பங்கு ஹெபட்டோசெல்லுலர் கார்சினோமா. அந்தக் கட்டியைச் சுத்தமாக வெட்டி எடுத்த பிறகும், 5 ஆண்டுகளுக்குள் 70 சதவீதம் பேர் வரைக்கும் நோய் திரும்பி வருகிறது. சிரோசிஸ் வந்த, அதாவது தழும்பேறி இறுகிப்போன, கல்லீரல் புதிதாக இன்னொரு கட்டியை உண்டாக்குவது ஒரு காரணம். பழைய கட்டியிலிருந்து இந்த நுண்குழாய்கள் வழியே முன்பே கிளம்பிவிட்ட செல்கள் இன்னொரு காரணம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பினால் நாங்கள் சந்தேகிப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். வெட்டி எடுத்த கட்டிகளைப் பரிசோதித்த ஆய்வுகளில் 15 முதல் 57 சதவீதம் வரை எம்.வி.ஐ. காணப்பட்டிருக்கிறது.

"பயாப்ஸி எடுத்துப் பார்த்துடலாமே?" என்றும் கேட்பார்கள். ஊசி எடுத்து வருவது மெல்லிய நூல் அளவுத் திசு. எம்.வி.ஐ. பெரும்பாலும் கட்டியின் விளிம்பிலும் அதைச் சுற்றியுள்ள சதையிலும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஊசிக்கு அகப்படாமல் போவதுதான் வழக்கம். ஆக, ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியை முழுதாகவும், சுற்றுப்புறத்தோடும் பார்க்க நமக்கு இருப்பது படம் ஒன்றுதான்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் வெயின் வழியாக வருகிறது, மிச்சம் தமனி வழியாக. இந்தப் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தம் போகும் இடத்தைப் படத்தில் பளிச்சிட வைக்கும் மருந்து) ஏற்றிய சுமார் 35 விநாடியில் எடுக்கும் தமனிக் கட்டப் படத்தில் கட்டி பளிச்சென்று தெரியும். 70 விநாடிப் படத்திலும், மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கும் படத்திலும் அது மங்கி, சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துவிடும். இந்த மூன்று கட்டங்களும் வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. ஒரு கட்டி எல்லாப் பக்கமும் வழவழப்பாக, உறை போட்டதுபோல இருக்கும். இன்னொன்று அதே அளவுதான், ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் இஞ்சிக்கிழங்கு போல முண்டு விட்டிருக்கும். அந்த முண்டில்தான் என் கண் நிற்கும். அடுத்து, தமனிக் கட்டப் படத்தில் கட்டிக்கு வெளியே பிறை வடிவில் ஒரு வெளிச்சம் இருக்கிறதா என்று தேடுவேன். புற்றுச் செல்கள் போர்ட்டல் வெயினின் சிறு கிளைகளை அடைத்தால், அந்த இடத்தை ஈடுகட்டத் தமனி கூடுதல் ரத்தம் அனுப்பும். அந்த வெளிச்சம் அதனால் வரலாம். எம்.ஆர்.ஐ.யில் கடோக்ஸெட்டேட் என்ற மருந்து கொடுத்தால் 20-வது நிமிடத்தில் நல்ல கல்லீரல் செல்கள் அதை உறிஞ்சி ஒளிரும், கட்டி கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பு கட்டியின் எல்லையைத் தாண்டிக் கசிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். அந்த "இன்னொரு எம்.ஆர்.ஐ." கேட்பது இதற்காகத்தான்.

இந்த அறிகுறிகளில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது. ஒரே ஓரத்தை நான் "வழவழப்பு" என்பேன், பக்கத்தில் இருக்கும் மருத்துவர் "இல்லை" என்பார். கணினிப் பகுப்பாய்வு உதவிக்கு வருவது இங்கேதான். சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். கட்டியையும் அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வளையத்தையும் கோடு போட்டுக் கொடுத்தால், அந்த எண்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நூற்றுக்கணக்கான அளவுகளாகக் கணினி எடுத்துத் தருகிறது. ரேடியோமிக்ஸ் என்பது இதுதான். படத்துக்கும் கட்டியின் உள்ளியல்புக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் புதிதல்ல. கல்லீரல் கட்டியின் சி.டி.யில் தெரியும் 28 அம்சங்களைக் கொண்டே அதன் மரபணுச் செயல்பாட்டில் 78 சதவீதத்தைக் கணித்துவிடலாம் என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இதில் எனக்கு நம்பிக்கை உண்டு, கண்மூடித்தனமாக இல்லை. இயந்திரம் மாறினாலும், படத் துண்டின் தடிமன் மாறினாலும், மருந்து ஏறிய நேரம் சற்றுப் பிசகினாலும் எண்கள் மாறும். ஒரு மருத்துவமனையின் பழைய படங்களில் பழகிய கணினி நிரல் அடுத்த மருத்துவமனையில் தடுமாறும். எனவே கணினியின் மதிப்பெண்ணை ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை (இந்தப் புற்றில் கூடக்கூடிய ஒரு புரதத்தின் அளவு), கட்டியின் அளவு, நாங்கள் கண்ணால் கண்டது ஆகியவற்றோடு சேர்த்தே வைத்துப் பேச வேண்டும். அந்த ஓர் எண்ணை மட்டும் காட்டி யாருக்கும் ஆபரேஷனை மறுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

சந்தேகம் வலுவாக இருந்தால் அறுவை நிபுணரின் கணக்கு மாறும். கட்டியைச் சுற்றி இன்னும் அகலமாக எடுக்கலாமா, கட்டி இருக்கும் இடத்துக்கு ரத்தம் தரும் குழாய் ஊட்டும் பகுதியை முழுதாகவே எடுக்கலாமா என்று யோசிப்பார். சிரோசிஸ் உள்ளவருக்குப் பொதுவாக 40 சதவீதக் கல்லீரலாவது மிஞ்ச வேண்டும் என்பதால், கூடுதலாக எடுக்க எப்போதும் இடம் இருக்காது. கல்லீரல் மாற்று அறுவையா, கட்டியை வெட்டி எடுப்பதா என்ற பேச்சிலும் இது ஒரு காரணியாகும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு ஆண்டுகளில் ஸ்கேன்களை எவ்வளவு நெருக்கமாக எடுப்பது என்பதும் இதைப் பொறுத்து அமையும்.

இவ்வளவுக்கும் அடிப்படை முதல் ஸ்கேன். "கான்ட்ராஸ்ட் சி.டி." என்று மட்டும் எழுதி, ஒரே கட்டம் எடுத்து முடித்த படங்கள் இன்றும் வருகின்றன. கல்லீரலில் கட்டி என்ற சந்தேகம் இருந்தால், "மூன்று கட்டமும் எடுப்பீங்களா?" என்று சென்டரில் தயங்காமல் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூச்சை அடக்கச் சொல்லும்போது அசையாமல் அடக்குங்கள். மூச்சு விட்டால் ஓரம் கலங்கிவிடும், நாங்கள் தேடுவதே ஓரத்தைத்தான்.

அப்புறம் ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டு (டிஸ்க்). பெரிய கவரில் ஃபிலிமைப் பத்திரமாகக் கொண்டு வருகிறார்கள், தட்டை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஃபிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள், அதுவும் ஒரே வெளிச்ச அளவில் உறைந்தவை. தட்டிலோ பென் டிரைவிலோ நூற்றுக்கணக்கான படங்கள் எண்களோடு அப்படியே இருக்கும். கணினிக்கும் எங்களுக்கும் வேண்டியது அதுதான். சென்டரில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கணினி இருந்தால் ஒரு நகல் எடுத்து, எடுத்த தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழையதையும் எடுத்துச் செல்லுங்கள்.