மைக்ரோ ஆர்.என்.ஏ பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்

ஒரு குழாய் குருதியில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏக்களை அளந்தே பல வகைப் புற்றுநோய்களையும் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லும் விளம்பரங்களை அடிக்கடி என்னிடம் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் பெற்றோர் கைப்பேசியை நீட்டி, “டொக்டர், இதையும் ஒருமுறை செய்து பார்க்கட்டுமா?” என்று கேட்பார்கள். நோயறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் இன்றைய நிலையில் இதற்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே என் பதில். ஆனால் அந்தப் பதிலோடு யாரையும் அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. இந்தச் சிறிய ஆர்.என்.ஏக்களை நம் கலங்கள் எப்படி உருவாக்குகின்றன, எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று தெரிந்தால் காரணம் தானாகவே விளங்கும்.

புரதம் செய்வதற்கான கட்டளையைக் கலத்தின் கருவிலிருந்து வெளியே கொண்டுவருவது தூது ஆர்.என்.ஏ. அந்தத் தூதை அடக்கி வைக்கக் கலத்திடம் இருக்கும் வழிகளில் ஒன்று மைக்ரோ ஆர்.என்.ஏ. அதன் நீளம் ஏறத்தாழ 22 நியூக்கிளியோரைட்டுகள் (ஆர்.என்.ஏ இழையின் அலகுகள்) மட்டுமே. 1993இல் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகியோரின் ஆய்வுகூடங்கள், ஒரு மில்லிமீற்றர் நீளமே உள்ள வட்டப்புழுவில் இதன் முதல் உதாரணத்தைக் கண்டன. புழுவின் விசித்திரம் என்றே பலரும் அதை ஒதுக்கிவிட்டார்கள். 2000இல் ரவ்கனின் குழு லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டறிந்து, அது மனிதனிலும் மாறாமல் இருப்பதைக் காட்டிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

உற்பத்தி கருவுக்குள் தொடங்குகிறது. முதலில் எழுதப்படுவது ஒரு நீண்ட இழை. அது தன்மேல் மடிந்து கொண்டை ஊசி வடிவம் கொள்ளும் இடத்தை டி.ஜி.சி.ஆர்.8 என்ற புரதம் இனங்காண, ட்ரோஷா என்ற நொதியம் அங்கே வெட்டுகிறது. எஞ்சும் துண்டை எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் கருவுக்கு வெளியே உள்ள குழியவுருவுக்குள் கொண்டுவந்து விடுகிறது. அங்கே டைசர் என்ற நொதியம் வளைந்த முனையை வெட்டி நீக்கிச் சிறிய இரட்டை இழையாக்குகிறது. ஆர்கோனோட் என்ற புரதம் அதை ஏற்று, ஓர் இழையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது. இனி அந்த இழையின் 2ஆவது நியூக்கிளியோரைட்டிலிருந்து 8ஆவது வரையான பகுதிதான் வழிகாட்டி. அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏவில் ஆர்கோனோட் பற்றிக்கொண்டதும், தூதின் வால் கத்தரிக்கப்பட்டு, புரதம் குறைந்து, தூதும் சிதைகிறது.

பொருத்தம் இவ்வளவு குறுகியதாக இருப்பதால் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான தூதுகளை அடக்க முடியும். ஒரே தூதைப் பல மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் சேர்ந்தும் அடக்கலாம். ஒன்றின் அளவு கூடியிருக்கிறது என்பதை வைத்து இன்ன நோய் என்று சொல்வது அதனாலேயே கடினம்.

கட்டுப்பாடு இன்னும் நுணுக்கமானது. லெட்-7ஐ எடுத்துக்கொள்வோம். முளையப் பருவத்து மூலக்கலங்களில் அதன் நீண்ட இழை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் முதிர்ந்த லெட்-7 அநேகமாக இருக்காது. லின்-28 என்ற புரதம் கொண்டை ஊசித் துண்டைப் பிடித்து வைக்க, வேறொரு நொதியம் அதற்கு யூரிடின் என்ற அலகுகளாலான வால் ஒட்டுகிறது. அந்த வாலைக் கண்டதும் இன்னொரு நொதியம் துண்டையே அழித்துவிடுகிறது. கலம் வளர்ந்து தன் வேலையைத் தெரிவுசெய்தபின் லின்-28 மறைந்து லெட்-7 எழுகிறது. சில புற்றுநோய்களில் லின்-28 மீண்டும் தலைதூக்கும். உற்பத்தி முடிந்த பிறகும் கட்டுப்பாடு ஓய்வதில்லை: சிறப்பாகப் பொருந்தும் சில இலக்கு ஆர்.என்.ஏக்கள், தம்மை அடக்க வந்த மைக்ரோ ஆர்.என்.ஏவையே அழிவுக்கு அனுப்பிவிடும். இந்த வழியில் இசட்ஸ்விம்8 என்ற புரதத்தின் பங்கு 2020இல்தான் வெளிவந்தது.

இவ்வளவும் கலத்துக்குள் நடப்பவை. விளம்பரங்கள் பேசுவதோ கலத்துக்கு வெளியே, குருதியில் மிதப்பதைப் பற்றி. அங்கே சிக்கல் எங்கள் ஆய்வுகூட மேசையிலேயே தொடங்குகிறது.

குருதி சேகரிக்கும் நிலையத்திலிருந்து கொழும்பின் காலி வீதி நெரிசலில் முச்சக்கரவண்டியில் வந்து சேரும் குழாயை நினைத்துப் பாருங்கள். மெல்லிய ஊசியால் வலிந்து இழுத்திருப்பார்கள், அல்லது குழாயைப் பலமாகக் குலுக்கியிருப்பார்கள். இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் மஞ்சளாக நிற்க வேண்டிய திரவம் இளஞ்சிவப்பாக நிற்கும். செங்குழியங்கள் உடைந்துவிட்டன என்று பொருள். செங்குழியங்களுக்குள் மிர்-16, மிர்-451 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏக்கள் இரண்டும் நிறைந்திருக்கின்றன. (மிர்-451 டைசர் வழியாக வருவதே இல்லை, ஆர்கோனோட்-2 தானே அதை வெட்டி உருவாக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு இது.) ஆகவே உடைந்த மாதிரியில் இவ்விரண்டின் அளவும் ஏறிவிடும். சிவப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உடைவே சில வேளை போதும். பிரித்தெடுக்கத் தாமதித்தால் குருதிச் சிறுதட்டுகளும் தங்களிடம் உள்ளதைச் சேர்த்துவிடும். அதே மிர்-16 நாட்பட்ட நிணநீர்க்கல வெண்குருதிப் புற்றுநோயில் பலருக்கும் இழக்கப்படுகிறது என்பது 2002இலேயே தெரிந்தது. நோயோடு தொடர்புள்ள ஒரு மூலக்கூறின் அளவை ஊசி குத்திய விதமே மாற்றிவிடும் என்றால், அந்த எண்ணை வைத்து ஒரு குடும்பத்தைக் கலங்கவைப்பது எப்படி நியாயமாகும்?

மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ ஈரலில் மிக ஏராளம். ஈரல் பாதிக்கப்பட்டால் குருதியில் அது உயரும். உண்மைதான். ஆனால் ஈரல் பாதிப்பை அறிய மலிவான எஸ்.ஜி.பி.ரி என்ற குருதிப் பரிசோதனை ஏற்கெனவே எங்கும் கிடைக்கிறது.

இந்த அறிவு வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 21 நியூக்கிளியோரைட்டு அளவிலான சிறிய இரட்டை இழைகள் பாலூட்டிக் கலங்களிலும் குறித்த பரம்பரையலகை அடக்கும் என்று 2001இல் காட்டப்பட்டது. அந்த வழியில் வந்த முதல் மருந்தான படிசிரனுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொலஸ்ட்ரோலுக்கான இன்க்லிசிரன், தன்னோடு இணைந்த சர்க்கரை மூலக்கூறுகளின் உதவியால் ஈரல் கலத்துக்குள் நுழைந்து நம் சொந்த ஆர்கோனோட்டில் ஏறி அமர்கிறது. அங்கே நெடுநாள் தங்கி வேலை செய்வதால், முதல் ஊசிக்குப் பின் 3 மாதத்தில் ஒன்றும், பிறகு 6 மாதத்துக்கு ஒன்றும் போதுமாகிறது. இருதய வைத்தியர் இதைப் பற்றிப் பேசினால் ஆர்.என்.ஏ என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது நம் டி.என்.ஏவை மாற்றுவதில்லை.

அறிகுறி இல்லாதவர்கள் பரிசோதனைக்குப் போவதென்றால் போக வேண்டிய இடங்கள் வேறு. 35, 45 வயதுப் பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, கட்டணம் இல்லை. வெற்றிலை, புகையிலை போடுபவர்கள் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான்.

டைசர் பற்றிய ஓர் எச்சரிக்கை மட்டும் சில குடும்பங்களுக்குத் தேவை. டைசர் நொதியத்துக்கான டைசர்-1 பரம்பரையலகில் பிறப்பிலேயே மாற்றம் இருப்பவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் ஓர் அரிய நுரையீரல் புற்றுநோய் வரலாம் என்பது 2009இல் அறியப்பட்டது. இளவயதிலேயே பல கட்டிகளோடு வரும் தைரொயிட் கழலையும், சில சூலகக் கட்டிகளும் இதே மாற்றத்தோடு சேர்ந்தவை. மாற்றம் உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு நுரையீரல் நீர்க்கட்டியும், அதன் அக்காவுக்கோ அம்மாவுக்கோ பதின்ம வயதில் கழலைச் சத்திரசிகிச்சையும் நடந்திருந்தால், இரண்டையும் ஒரே வைத்தியரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது தேவைப்படுவது டி.என்.ஏ பரிசோதனை. மாதிரி சற்று உடைந்து வந்தாலும் அதன் விடை மாறுவதில்லை.