நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டி ஏன் நின்றுபோகிறது?

கரடுமுரடான பள்ளத்தில் இறங்கும் ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பினால், எழும்பிய இரண்டும் காற்றில் சுழலும். தரையில் இருக்கும் இரண்டும் அசையாது. இன்ஜினில் எவ்வளவு சக்தி இருந்தாலும் வண்டி அங்கேயே நிற்கும். இது ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கப் போகிறவர், குதிரைத்திறனைக் கேட்பதற்கு முன் ஆக்ஸிலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பார்.

காரணம், ஆக்ஸிலின் நடுவில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் தொகுப்பு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை. வேகம் மாறினாலும், முறுக்குவிசையை அது இரு பக்கமும் சமமாகவே கொடுக்கும். சேற்றில் கிடக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கே வழுக்கிவிடுகிறது என்றால், பாறைமேல் கெட்டியாக நிற்கும் எதிர்ச்சக்கரத்துக்கும் அதே 100தான் கிடைக்கும். அந்தச் சக்கரம் 1,000 வரை தாங்கும் என்பதால் ஒரு பயனும் இல்லை. காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே வேண்டியதில்லை; ஆகவே அதன் ஜோடிக்கும் எதுவும் போய்ச்சேராது. முன்னும் பின்னும் ஒவ்வொன்று தொங்கினால் நான்குமே வீண்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. டிராக்ஷன் கன்ட்ரோல், வீணாகச் சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த பிரேக்கை எதிர்த்து எவ்வளவு விசை செலவாகிறதோ, அதே அளவு எதிர்ச்சக்கரத்துக்கும் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே இது விழித்துக்கொள்ளும். நீண்ட மணல் ஏற்றத்தில் பிரேக்கும் சூடேறும். மற்றது லாக்கர். இரு பக்க ஷாஃப்டுகளையும் அது ஒன்றாகப் பூட்டிவிடும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கிறதோ, விசை முழுவதும் அங்கே போகலாம். பின் ஆக்ஸிலில் ஒரு லாக்கர் இருந்தாலே வண்டியின் குணம் மாறிவிடும். மெதுவாக, கூடியவரை நேராகப் போகும்போது மட்டும் போட்டு, இடம் கடந்ததும் எடுத்துவிட வேண்டும். கெட்டித் தரையில் லாக்கரோடு திரும்பினால் டயர் தேயும், ஆக்ஸில் ஷாஃப்டே முறியவும் கூடும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ்: கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி. தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் பார்ட் டைம் வகை வண்டிகளில் 4 ஹெச் (நான்கு சக்கர ஓட்டம், சாதாரண வேகம்) போட்டதும், ஆக்ஸில்களுக்கு விசை கொண்டுபோகும் முன், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகள் ஒன்றோடொன்று பூட்டப்படும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. இதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம் 2.5 மீட்டர், பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது என்றால், முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி ஏறக்குறைய 5.6 மீட்டர் ஆரத்தில் சுற்றும். ஒரு முழு வட்டத்தில் முன்பக்கம் சுமார் 3.7 மீட்டர் அதிகம் ஓட வேண்டும். மண்ணிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. வித்தியாசம் முழுவதும் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி இழுத்துப் பிடித்ததுபோல் நகரும், லீவர் 2 ஹெச்சுக்கு (இரு சக்கர ஓட்டத்துக்கு) வர மறுக்கும். லீவரை வலிந்து இழுக்காமல் நேராகச் சில மீட்டர் பின்னால் எடுத்தால் முறுக்கு அவிழும்.

டயரிலும் இதே கணக்கு உண்டு. முன்னால் புது டயர், பின்னால் 8 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் என்றால், 75 சென்டிமீட்டர் விட்டத்தில் வித்தியாசம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். 4 ஹெச்சில் நேர்ப்பாதையில் ஓடினாலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 20 மீட்டருக்கு மேல் முறுக்கு சேரும். நான்கு டயரையும் ஒரே பிராண்டில், ஒரே அளவில், ஒன்றாக மாற்றுவது ஆடம்பரமல்ல.

டிரான்ஸ்ஃபர் கேஸில் 4 எல் என்று குறிக்கப்படும் லோ ரேஞ்சை வேகம் குறையும் கியர் என்று மட்டும் நினைப்பவர் பலர். முதல் கியர் 4, டிஃபரன்ஷியல் 4.1 என்றால் மொத்த விகிதம் 16.4. லோ ரேஞ்ச் 2.7 சேர்ந்தால் 44. அதே 75 சென்டிமீட்டர் டயரில் இன்ஜின் 1,000 சுற்றில் ஓடும்போது, வண்டியின் வேகம் மணிக்கு 8.6 கிலோமீட்டரிலிருந்து 3.2 ஆக இறங்கும். சக்கரத்தில் முறுக்குவிசை 2.7 மடங்காகும். கிளட்ச்சைத் தேய்க்காமல் பாறையில் ஏற முடிவது இதனால்தான். செங்குத்தான இறக்கத்திலும் இதே கியரில் விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திச் சக்கரம் பூட்டிச் சறுக்கும் ஆபத்து குறையும்.

மணலுக்கு எந்த லாக்கரையும்விட காற்றைக் குறைப்பதே முதல் மருந்து. 32 பிஎஸ்ஐயிலிருந்து 16 முதல் 18 வரை இறக்கினால், டயர் தரையில் பதியும் பகுதி நீளும், மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கும். இந்தக் காற்றில் வேகமாகப் போகவோ சட்டென்று திருப்பவோ கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். ஆகவே காற்றடிக்கும் கம்ப்ரசரும் அளவுக் கருவியும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

தண்ணீரைக் கடப்பதில் இரண்டு கேடுகள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், அதை அழுத்திச் சுருக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் தண்ணீருக்குள் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுப்பில், ஆக்ஸிலுக்குள் காற்று போய்வர வைத்த ப்ரீதர் துளை வழியாகவோ ஆயில் சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே புகும். ப்ரீதர் குழாயை இன்ஜின் அறையின் உயரத்துக்கு நீட்டுவது மிகச் சிறிய வேலை, மிகப் பெரிய பாதுகாப்பு.

பழைய வண்டி வாங்கும்போது இவ்வளவும் சோதனையாக மாறும். டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்தம் வைத்த வடிகால் போல்ட்டில் மெல்லிய பொடி ஒட்டியிருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருந்தால் கியர் உடைகிறது. மண்தரையில் 4 ஹெச், 4 எல் இரண்டையும் போட்டு ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரிவது மட்டும் போதாது, முன்சக்கரம் உண்மையிலேயே இழுக்க வேண்டும். அதே மண்தரையில் 4 ஹெச்சில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்று கேட்டால், திரும்பும் முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கும். வண்டியின் அடிச்சட்டமான சாஸியின் பெட்டிக் குழாய்களைச் சுத்தியலால் தட்டுங்கள்: கெட்டி இரும்பு கணீர் என்று ஒலிக்கும், உள்ளே துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். இரு சக்கரத்தையும் ஒரே கெட்டி ஆக்ஸில் இணைக்கும் முன்பக்கம் வேகத்தில் கிடுகிடுவென்று உதறினால், வீல் பேலன்ஸோடு நிறுத்தாமல் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்டு ராடின் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். உயரம் கூட்டிய வண்டி என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியிருக்கும். அதன் முனைகளில் உள்ள மூட்டான யூ ஜாயின்டில் ஆட்டமும் அதிர்வும் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் சில கிலோமீட்டர் 4 ஹெச்சில் ஓட்ட வேண்டும். முன் டிஃபரன்ஷியலின் சீல்களில் ஆயில் படியும், முன்சக்கர ஓட்டத்தை இணைக்கும் பொறி துருப்பிடித்து இறுகாது. தண்ணீரில் இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் ஆக்ஸில் ஆயிலைத் திறந்து பார்த்து, யூ ஜாயின்டுகளுக்குப் புது கிரீஸ் அடியுங்கள். உப்புநீர் என்றால் அன்றே சாஸியின் உட்புறம்வரை நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள்.