61 பந்தில் நின்றுபோன டெஸ்ட்

ஆடுகளம் தயாரிப்பது என் தொழில். "பிட்ச் ரொம்ப வேகமா சார், பையனுக்கு அடி பட்டுருமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். வேகத்துக்குப் பையன்கள் பழகிக்கொள்வார்கள். ஒரே இடத்தில் விழும் இரண்டு பந்துகள் இரண்டு உயரத்தில் வந்தால் யாராலும் பழக முடியாது.

1998 ஜனவரி 29, ஜமைக்காவின் சபைனா பார்க். பழைய பிட்சைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. இங்கிலாந்து பேட்டிங். மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்கள் ஆம்ப்ரோஸும் வால்ஷும் குட் லென்த்தில், அதாவது முன்னால் வந்து ஆடுவதா பின்னால் போவதா என்று பேட்ஸ்மேன் தடுமாறும் தூரத்தில், போட்ட பந்துகளில் ஒன்று முகத்துக்கு எகிறியது, இன்னொன்று தரையோடு ஓடியது. அடிபட்டவர்களைப் பார்க்க இங்கிலாந்து பிசியோ திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் ஓடிவந்தார். 17 ரன்னுக்கு 3 விக்கெட், 61 பந்து, அத்தோடு ஆட்டம் கைவிடப்பட்டது. பிட்ச் ஆபத்தானது என்று ஒரு டெஸ்ட் கைவிடப்பட்டது அதுவே முதல்முறை.

அன்று பக்னருடன் நடுவராக நின்றவர் நம் வெங்கட்ராகவன். 1976இல் இதே மைதானத்தில் இந்தியாவுக்காக ஆடியவர் அவர். ஹெல்மெட் இல்லாத காலம். அடிபட்டவர்கள் போக மிச்சமிருந்தவர்களை வைத்து, இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 97 ரன்னில் 5 விக்கெட்டோடு முடிந்தது. அன்று ஆட்டத்தை யாரும் நிறுத்தவில்லை.

புதுக் களிமண் பிட்ச் ஒரே சீராக இறுக நாள் பிடிக்கும். தண்ணீர் விட்டு, பதம் பார்த்து ரோலர் ஓட்டி, காயவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். புல்வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்க வேண்டும். ஈரம் கூடுதலாக இருக்கும்போது ரோலரை ஏற்றினால் மண் அதன் முன்னால் ஒதுங்கி, அலையலையாக மேடு தட்டும். போட்டித் தேதி நெருங்கிவிட்டதென்று ஒருமுறை நானும் அப்படி ஏற்றியிருக்கிறேன். மேடு தட்டியதும் அந்தப் பிட்சில் ஆட விடாமல் பக்கத்துப் பிட்சுக்கு மாற்றிவிட்டேன். அமைப்பாளர்களின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

பிட்ச் மட்டுமல்ல, பந்துவீச்சாளர் ஓடிவரும் தடமும் முக்கியம். 2009 பிப்ரவரியில் ஆன்டிகுவாவின் விவியன் ரிச்சர்ட்ஸ் மைதானத்தில் மணலில் கால் புதைந்து, 10 பந்திலேயே டெஸ்ட் கைவிடப்பட்டது. பிட்ச் தொல்லையும் தீர்ந்துவிடவில்லை. 2024 டி20 உலகக்கோப்பை அரையிறுதியில் டிரினிடாடின் தரூபாவில் ஆப்கானிஸ்தான் 56 ரன்னில் சுருண்டது. அந்தப் பிட்சுக்கு ஐசிசி 'திருப்தியற்றது' என்றே மதிப்பீடு தந்தது.

உங்கள் பிள்ளை ஆடும் மைதானத்தில் முதல் சில ஓவர்களைக் கவனியுங்கள். குட் லென்த் பந்து ஒன்று எகிறி, அடுத்தது தாழ்ந்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், அவர் நடுவர்களிடம் பேசட்டும். ஆபத்து என்று தெரிந்தால் ஆட்டத்தை உடனே நிறுத்த வேண்டும் என்கிறது விதி. அதை முடிவு செய்வது இரு நடுவர்களும் சேர்ந்துதான். அமைப்பாளருக்கு அதில் இடமில்லை.