டைனாபுக் கைக்கு வந்துவிட்டதா?

1972இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் இருந்த கணினி அறிஞர் ஆலன் கே, குழந்தைகளுக்கான கையடக்கக் கணினி ஒன்றைக் கட்டுரையாக எழுதினார். பெயர் டைனாபுக். நோட்டுப்புத்தக அளவு, 1.8 கிலோவுக்குள் எடை, ஒரே நேரத்தில் 4,000 எழுத்துகளாவது காட்டும் திரை, பத்து லட்சம் எழுத்துகளுக்கு இடம், விலை சுமார் 500 டாலர். அன்று அவர் கையில் இருந்தது வெறும் அட்டை மாதிரிதான்.

வன்பொருள் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 2010இல் வந்த முதல் ஐபேட் 680 கிராம், 499 டாலர். பத்து லட்சம் எழுத்து என்றால் 1 எம்பி. 64 ஜிபி போனில் அதைப்போல் 64,000 மடங்கு இடம்.

ஆனால் கட்டுரையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருவர் பூங்காவில் விண்கலச் சண்டை ஆடுகிறார்கள். ஆட்டத்தில் சூரியனின் ஈர்ப்பையும் சேர்த்தால் என்ன என்று தோன்றுகிறது. ஈர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்து, நிரலைத் தாங்களே மாற்றப் பார்க்கிறார்கள். இந்த நோக்கத்துக்காகவே கேயின் குழு ஸ்மால்டாக் மொழியை உருவாக்கியது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு பகுதியைத் திருத்தலாம். அந்தப் பகுதி அடுத்து ஓடும்போதே மாற்றம் தெரியும்.

போனில் இது ஏன் நடப்பதில்லை? செயலி நம்மிடம் வரும்போது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூல நிரல் இருக்காது. இயந்திரம் ஓட்டுவதற்கேற்ப மாற்றப்பட்ட பொதியாக, எழுதியவரின் மின்னொப்பத்தோடு (டிஜிட்டல் கையெழுத்தோடு) வரும். உள்ளே ஒரு பைட்டை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாது, போன் ஏற்க மறுக்கும். தீங்கு செய்யும் நிரல்களைத் தடுக்க இந்தக் காவல் தேவைதான். ஆனால் அது சொந்தக்காரரையும் சேர்த்தே வெளியில் நிறுத்துகிறது.

காவலும் திருத்தும் சுதந்திரமும் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு, பிள்ளைகளுக்கான நிரலாக்க மொழியான ஸ்கிராட்ச் சாட்சி. அதன் முதல் பதிப்பு ஸ்மால்டாக்கில்தான் எழுதப்பட்டது. இப்போது உலாவிக்குள் ஓடுகிறது. பிள்ளை எதை மாற்றினாலும் மற்ற கோப்புகளைத் தொடாது. 'வேகம்' என்று ஒரு மாறி (எண்ணைச் சேமிக்கும் பெட்டி) வைத்து, முடிவில்லாச் சுற்றுக்குள் அதில் ஒவ்வொரு முறையும் 1 குறைத்து, அந்த வேகத்தைப் பந்தின் உயரத்தோடு கூட்டுங்கள்: ஈர்ப்பு தயார். 1ஐ 2.5 ஆக்கினால் பந்து வியாழன் கோளில் விழுவதுபோல் விழும். தரையைத் தொட்டதும் வேகத்தை 0 ஆக்க மறந்தால் மட்டும் சிக்கல். பந்து அசையாமல் கிடக்கும்போதும் வேகம் -50, -100 என்று இறங்கிக்கொண்டே போகும்; பிறகு குதிக்க 10 கூட்டினாலும் பந்து எழும்பாது. அந்தப் பிழையைப் பிள்ளையே திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.