விலை ஏறிய பவுணை (தங்கத்தை) விற்கத் தயங்கும் ஓய்வூதியர்களுக்கு

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாக அதே கேள்வி என் மேசைக்கு வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். கிளிநொச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கணக்கெழுதிய சீ.ஆர். கொப்பியை விரித்துவைத்து, "ஏறுற பவுணை வித்துப்போட்டுப் பங்கு வாங்கச் சொல்லுறியளே, தம்பி?" என்று கேட்டார்.

மாதச் செலவுக்கான நிலையான வைப்பை ஒதுக்கியபின் எஞ்சிய 20 இலட்சத்தை, 2022 தை மாதத்தில் பாதி தங்க நாணயமாகவும் பாதி கொழும்புச் சந்தைப் பங்குகளாகவும் அவர் வைத்திருந்தார். என்னிடம் வந்த அன்று தங்கம் 26 இலட்சம், பங்குகள் 16 இலட்சம். மொத்தம் 42, பாதி 21. ஆகவே தொடங்கிய பாதிக்குப் பாதி விகிதத்துக்குத் திரும்ப, 5 இலட்சத்துக்குத் தங்கத்தை விற்றுப் பங்கு வாங்கவேண்டும்; இதையே 'சமப்படுத்தல்' என்கிறோம். கணக்கு இவ்வளவுதான்; மனந்தான் இடங்கொடுப்பதில்லை.

"பவுண் ஒருநாளும் இறங்காது" என்பதே என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கை. 2009இல் வீட்டையும் காணியையும் விட்டு நடந்தவர்களுக்கு, இடுப்பில் முடிந்திருந்த பவுணே கடைசிக் கையிருப்பாக இருந்தது. அந்த நினைவை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் விலை வேறு விடயம். 1980இல் அவுன்ஸ் ஒன்று 850 டொலரைத் தொட்ட தங்கம், மீண்டும் அந்த விலையைக் காண 2008 வரை காத்திருந்தது. 2011இல் 1,900 டொலரளவில் நின்றது, 2015 இறுதியில் 1,060 அளவுக்கு வந்தது. அக்காலத்தில் நமது ரூபாய் மதிப்பிழந்தும் அந்த வீழ்ச்சியை முழுதாக ஈடுசெய்யவில்லை. நம் நாட்டுப் பவுண் விலை, உலக விலையும் டொலரின் பெறுமதியும் சேர்ந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது பவுண் விலை ஏறியதில் பெரும்பகுதி, ரூபாய் இறங்கியதன் விளைவே.

அதே ஆண்டில் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டிய உச்சத்திலிருந்து சில மாதங்களிலேயே நாற்பது வீதத்துக்கு மேல் சரிந்தது. சித்திரையில் சந்தையை ஒரு வாரம் மூடியும் வைத்தார்கள். ஆசிரியரின் அச்சம் அங்கே பிறந்தது. ஆனால் ஏறிய பவுணில் கொஞ்சத்தை விற்று, மலிந்த பங்கை வாங்கியிருக்கவேண்டிய வேளையும் அதுவே. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று எனக்கும் தெரியாது. தெரியாததனாற்றான் விகிதத்தை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

நகையை இக்கணக்கில் சேர்க்காதீர்கள். மகளின் அட்டியலை விற்கப்போனால் கல்லைக் கழற்றி, உரைகல்லில் உரைத்து, எஞ்சிய தங்கத்துக்கே விலை பேசுவார்கள். செய்கூலியும் சேதாரமும் திரும்பிவரமாட்டா. நகையை அடைவு வைத்துப் பங்கு வாங்குவதைச் 'சமப்படுத்தல்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தங்கம் குறைவதில்லை, கடன்தான் கூடுகிறது. சந்தை சரிந்தால் நகையும் பங்கும் இரண்டுமே போய்விடும்.

தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். எழுதிய விகிதத்திலிருந்து பத்து வீதப் புள்ளிகளுக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கைவையுங்கள். நாள்தோறும் விலை பார்த்து வாங்கி விற்பது தரகருக்கே வருமானம். மருந்துக்கோ வீட்டுத் திருத்தத்துக்கோ பணம் எடுக்கவேண்டி வந்தால், அவ்வேளையில் எந்தப் பக்கம் கூடியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து எடுங்கள். பலருக்கு அதுவே போதுமாகிவிடும்; ஏறிய பவுணைத் தனியாக விற்கும் மனக்கஷ்டமும் இராது.