நரம்பு: யாழிலிருந்து மூளை வரை

கையில் குளுக்கோஸ் ஏற்றியதைத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கங்களில் ‘நரம்பில் ஏற்றினார்கள்’ என்பார்கள். நடவு வயலில் நின்றவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் ‘நரம்பு இழுக்கிறது’ என்பார்கள். முன்னது இரத்தம் ஓடும் சிரை, பின்னது தசைப்பிடிப்பு. உடலியல் இன்று நரம்பு என்று குறிப்பது இவ்விரண்டையும் அன்று. ஆயினும் இவ்வழக்கைப் பிழையென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லின் பழம்பொருள் அதில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கயிறுபோல் நீண்டு கிடப்பது அல்லது விறைத்து நிற்பது எதுவோ அதுவே பழந்தமிழுக்கு நரம்பு. யாழில் கட்டியது நரம்பு. புறநானூற்று முதியவளின் தோளில் எழுந்து தெரிந்ததும் நரம்பு. தொல்காப்பியம் இசைநூலையே ‘நரம்பின் மறை’ என்கிறது. மலையாளத்தின் ஞரம்பு, தெலுங்கின் நரமு, கன்னடத்தின் நர ஆகியவை இதன் உடன்பிறப்புகள். வியப்பு என்னவென்றால், கிரேக்க ‘நியூரான்’ என்பதற்கும் முதற்பொருள் தசைநாண், நாண்கயிறு என்பதே. அதை 1891இல் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையர் நரம்பு மண்டலத்தின் தனி உயிரணுவுக்குப் பெயராக ஆக்கினார். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருக்கும்போது, ‘நரம்பணு’ என்ற சொல்லைத் தயங்காமல் ஆளலாம். தஞ்சாவூர் வீணையில் ஏழாகக் கட்டப்படும் தந்தியும் நாணைக் குறித்த சொல்தான். அதுவும் பின்னர் செய்தி அனுப்பும் முறைக்குப் பெயராயிற்று.

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து 12 இணைகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணைகளுமாகப் பிரியும் நரம்புகள் புற மண்டலத்தைச் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியும் ஒரு நரம்பு, பல நரம்பிழைகள் சேர்ந்த கற்றை. நரம்பிழை என்பது ஆக்சான், அதாவது நரம்பணுவின் நீண்ட கிளை.

இங்கே பழம்பொருள் நம்மை ஏமாற்றவும் கூடும். செய்தியைக் கடத்தும்போது மீட்டிய தந்திபோல நரம்பு அதிர்வதில்லை. பற்றவைத்த வைக்கோற்பிரியில் கங்கு ஊர்வதே நெருங்கிய உவமை: வைக்கோல் நகர்வதில்லை, எரியும் இடம் அடுத்த இடத்தை மூட்டுகிறது. ஓய்வில் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும்; தூண்டல் போதிய அளவை எட்டியதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய, அவ்விடத்தின் மின்னழுத்தம் தலைகீழாகி, பக்கத்து இடத்தையும் திறக்கச் செய்கிறது; பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. பிரி சாம்பலாகும், நரம்பிழையோ சில மில்லிநொடிகளில் மீண்டும் ஆயத்தமாகிவிடும். மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த தடித்த இழைகளில் இந்த மின்மாற்றம், உறை இடைவிடும் கணு விட்டுக் கணு தாவி நொடிக்கு 120 மீட்டர் வரை விரையும். உறையில்லா மெல்லிழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவே. அறுவடை வயலில் அரிதாள் குத்திய பாதம், வலி உறைக்கும் முன்பே தண்டுவடத்தின் ஆணையால் மேலெழுவது இந்த விரைவாலும், செய்தி மூளைவரை போய்வரக் காத்திராததாலும்தான்.

இழை முடிந்து அடுத்த அணுவைச் சந்திக்கும் இடத்திற்கு ‘சினாப்ஸ்’ என்று ஆங்கிலேய உடலியலாளர் ஷெரிங்டன் வழியாக 1897இல் பெயர் வந்தது. கிரேக்கத்தில் அது சேர்த்துப் பற்றுவதைக் குறிக்கும். தமிழில் ‘நரம்பிணைப்பு’ என்பர். ஆனால் பெரும்பாலான சினாப்ஸ்களில் இருபுறமும் ஒட்டுவதில்லை. நடுவே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி உண்டு, அதை அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருளே கடக்கிறது. ஆகவே ‘நரம்புச் சந்தி’ என்பதே எனக்கு ஏற்புடையது: இரு தெருக்கள் கூடுமிடத்தைச் சந்தி என்கிறோம், அங்கே வீடுகள் ஒட்டிக்கொள்வதில்லை.