எல்லாரும் சம்மதிக்காவிட்டால்: உயிலிலும் பாகப்பத்திரத்திலும் வாக்கியம் செய்யும் வேலை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு உயிலோ பாகப்பிரிவினையோ எழுதும்போது குடும்பத்தார் கூடி உட்கார்ந்து சரிபார்ப்பது பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண், கதவு எண், சதுர அடி. இவை வேண்டியவைதான். ஆனால் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உயில் கெட்டுப்போவதில்லை. யாரைக் குறிக்கிறது என்று மற்ற விவரங்களிலிருந்து தெளிவாகத் தெரிந்தால் போதும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 76. அதே சட்டத்தின் பிரிவு 89, திட்டவட்டமான கருத்து எதுவும் புலப்படாத உயில் ஏற்பாடு செல்லாது என்கிறது. சொல்லில் நேர்ந்த பிழைக்கு மன்னிப்பு உண்டு; வாக்கியம் பொருள் தராமல் நின்றால் மன்னிப்பு கிடைப்பது கடினம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். படித்தவுடனே குழப்பம் தெரிகிற வாசகத்துக்கு, எழுதியவர் மனதில் என்ன நினைத்தார் என்று வெளிச்சாட்சி சொல்ல பிரிவு 81 இடம் தருவதில்லை. “அப்பச்சி (தகப்பனார்) எங்களைக் கூப்பிட்டுவைத்து இப்படித்தான் சொன்னார்கள்” என்று ஐந்து பேர் வந்து சொன்னாலும், தாளில் இருக்கும் வாக்கியம்தான் பேசும். ஆகவே அந்த வாக்கியம் எப்படிப் பொருள் தருகிறது என்பதை, கையெழுத்துப் போடுபவரும் பங்கு பெறுபவரும் கொஞ்சமாவது அறிந்திருப்பது நல்லது.

தமிழில் சொற்கள் நிற்கும் இடத்தை மாற்றலாம். “அண்ணன் தம்பிக்குப் பங்கைக் கொடுத்தார்” என்றாலும், “பங்கைத் தம்பிக்கு அண்ணன் கொடுத்தார்” என்றாலும் கொடுத்தவர் அண்ணன்தான். யார் செய்தார், யாருக்கு, எதை என்பதை வேற்றுமை உருபுகள் காட்டிவிடுகின்றன. பத்திர நடையோ சுருக்கத்துக்காக இந்த உருபுகளைத்தான் முதலில் விழுங்குகிறது. உருபு போனால் என்ன ஆகும் என்பதற்குத் தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘புலி கொல் யானை’. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியர் இவ்வகையைத் தடுமாறு தொழிற்பெயர் என்கிறார். பின்னால் வரும் சொல்லைக் கொண்டு தெளியலாம் என்றும் வழி சொல்கிறார். யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் கொன்றது யானை. பத்திரத்தில் பல சமயம் பின்னால் வந்து தெளிவாக்கும் சொல் கிடையாது. “ராமநாதன் வள்ளியம்மை பிள்ளைகளுக்கு” என்று எழுதினால், இருவருக்கும் பிறந்த பிள்ளைகளா, ராமநாதனும் வள்ளியம்மையின் பிள்ளைகளுமா? “ராமநாதனுக்கும், வள்ளியம்மையுடைய பிள்ளைகளுக்கும்” என்று உருபை விரித்து எழுத ஒரு விரற்கடை இடம் கூடப் பிடிக்காது.

‘உம்’ எதைச் சேர்க்கிறது?

பாகம் எழுதும்போது மிக அதிகமாகப் பிசகும் இடம் இது. “என் மகன்கள் இருவரும் என் காலஞ்சென்ற மகளின் பிள்ளைகளும் சமமாக அடைய வேண்டியது” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கு மூன்று பிள்ளைகள். ‘உம்’ ஐந்து தலைகளைச் சேர்க்கிறது என்று படித்தால் ஆளுக்கு 1/5. மூன்று கிளைகளைச் சேர்க்கிறது என்று படித்தால் மகன்களுக்கு ஆளுக்கு 1/3, பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/9. 7,200 சதுர அடி மனையில் ஒரு மகனுக்கு முதல் கணக்கில் 1,440 சதுர அடி. இரண்டாம் கணக்கில் 2,400. ஒரு கிரவுண்டு கிடைக்குமா கிடைக்காதா என்கிற வித்தியாசம்.

‘சமமாக’ என்ற சொல் நியாயமாக ஒலிப்பதால் அதையே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். யாருக்கும் யாருக்கும் சமம் என்பதை அந்தச் சொல் சொல்லாது. பெயருக்கு நேரே பின்னத்தை எழுதுங்கள். எழுதிய பின் கூட்டிப் பாருங்கள்: 1/3 + 1/3 + 1/9 + 1/9 + 1/9, மொத்தம் 1. மொத்தம் 1 வராத பத்திரங்களும் பதிவாகி நிற்கின்றன.

‘புள்ளிக்கு ஒரு பங்கு’ என்று எழுதும் வழக்கமும் இங்கே உண்டு. கல்யாணமான ஆண் ஒரு புள்ளி என்பது நகரத்தாருக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தேதியில் எண்ண வேண்டும்? உயில் எழுதிய நாளிலா, எழுதியவர் காலமான நாளிலா? இடையில் இரண்டு பேரன்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் எண்ணிக்கை மாறிவிடும். புள்ளி என்று எழுதலாம். தேதியையும் சேர்த்து எழுத வேண்டும்.

எல்லாரும் சம்மதிக்காவிட்டால்

“பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்காவிட்டால் வீட்டை விற்கக் கூடாது.” கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது; எழுதுபவர், சாட்சி, பங்காளிகள் எல்லாருக்கும் புரிந்ததுபோல் இருக்கும். பன்னிரண்டு பங்காளிகளில் பதினொருவர் சரி என்கிறார்கள், ஒருவர் மறுக்கிறார். விற்கலாமா?

“பன்னிரண்டு பேரின் சம்மதமும் சேரவில்லை, ஆகவே கூடாது” என்பது ஒரு வாசிப்பு. “ஒருவருமே சம்மதிக்காவிட்டால்தான் தடை, பதினொருவர் சம்மதித்தாயிற்று” என்பது இன்னொன்று. இரண்டும் தமிழ்தான். நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்லி, அவற்றில் ஒன்றான முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்று தனியாகவே சூத்திரம் வைத்திருக்கிறது. ‘எல்லாரும் வந்தார்’ என்றால் முழுமை. ‘எல்லாரும் வந்திலர்’ என்றால் சிலர் வந்தார்கள் என்பது எஞ்சி நிற்கிறது. எதிர்மறை வினை வந்ததும் முழுமையைக் காட்டிய ‘உம்’ தன் வேலையை மாற்றிக்கொள்கிறது. பேச்சில் ‘எல்லாரும்’ என்பதை அழுத்திச் சொன்னால் ஒரு பொருள், ‘சம்மதிக்காவிட்டால்’ என்பதை அழுத்தினால் மற்றொரு பொருள். குரல் செய்கிற வேலையைத் தாள் செய்யாது.

ஒரே வீட்டில் உரிமையுள்ள பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற ஊர் இது. சம்மதம் வாங்குவதே பெரிய வேலை என்பதால், இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் பின்னாளில் எல்லா மனத்தாங்கலும் வந்து இறங்குகிறது. முழுமைச் சொல்லையும் எதிர்மறை வினையையும் ஒரே வாக்கியத்தில் வைக்காமல் இருப்பதே வழி. “பங்காளிகளில் ஒருவர் மறுத்தாலும் வீட்டை முழுமையாக விற்கக் கூடாது” என்று எழுதினால் ஒரே பொருள். பெரும்பான்மை போதும் என்பது எண்ணமானால், “மொத்தப் பங்கில் நான்கில் மூன்று பாகத்துக்குக் குறையாமல் உரியவர்கள் எழுத்தில் சம்மதித்தால் விற்கலாம்” என்று உடன்பாட்டு வினையில் எழுதலாம். தலைக்கணக்கா பங்குக்கணக்கா என்பதும் அதிலேயே அடங்கிவிடும். கூடவே ஒரு எச்சரிக்கை: தானமாகவோ செட்டில்மெண்டாகவோ கொடுத்த சொத்தை ‘எக்காலத்திலும் யாருக்கும் விற்கவே கூடாது’ என்று முழுத் தடையாக எழுதினால், வாக்கியம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 10-இன்படி அந்தத் தடை செல்லாது. இலக்கணம் அங்கே உதவாது.

தெருவுக்கு மேற்கா, மேற்கில் தெருவா?

பழைய பத்திரங்களில் நான்கெல்லையை நான்காம் வேற்றுமையில்தான் எழுதியிருப்பார்கள்: “தெருவுக்கு மேற்கு, சொக்கலிங்கம் வீட்டுக்குத் தெற்கு.” மேற்கு, தெற்கு என்பவை நம் சொத்து இருக்கும் பக்கம். தெரு நமக்குக் கிழக்கே இருக்கிறது. இப்போதைய கணினிப் படிவத்தில் ‘வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு’ என்று கட்டம் போட்டிருக்கும். பழைய வரியைப் பார்த்து ‘மேற்கு’ என்ற கட்டத்தில் ‘தெரு’ என்று நிரப்பிவிடுகிறார்கள். ‘கு’ என்ற உருபு விழுந்தது. வீடு திரும்பி நின்றுவிட்டது.

மற்ற ஊர்களில் இந்தப் பிழை இடத்தைப் போய்ப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டுக்குக் கிழக்கிலும் தெரு, மேற்கிலும் தெரு. தவறான விவரமும் சரியாகவே படும். பிறகு ‘மேற்குப் பாதி இளையவருக்கு’ என்று வரும்போதுதான், அவருக்குக் கிடைத்தது வீட்டின் முன்பக்கத்து முகப்பும் வளவுமா (முற்றத்தைச் சுற்றிய பகுதி), பின்பக்கத்து மூன்றாங்கட்டும் அடுப்படியுமா என்ற கேள்வி எழும். பழைய வரியை அப்படியே பெயர்த்தெழுதாமல், “கிழக்கில்: தெரு” என்று ஏழாம் வேற்றுமையில் மாற்றிக்கொள்ளுங்கள். ‘கிழமேல் இருபுறமும் 120 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி’ என்ற அளவோடு, கட்டு வாரியாகக் கையால் வரைந்த வரைபடம் ஒன்றையும் இணைத்துக் கையெழுத்திடுங்கள். பதிவான பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டியிருக்கும். முன்பு கையெழுத்திட்டவர்கள் திரும்பவும் ஒன்றுகூட வேண்டும்.

பெயரெச்சமும் இதே மாதிரி ஒரு கண்ணி. “என் தகப்பனார் கட்டிய முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும்” என்பதில் ‘கட்டிய’ முகப்போடு நின்றுவிடுகிறதா, மூன்றையும் தழுவுகிறதா? இரண்டாங்கட்டு பாட்டனார் காலத்தது என்றால் அது இந்தக் கொடையில் உண்டா இல்லையா? “முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு ஆகிய மூன்றும்” என்று முதலில் முடித்துவிட்டு, யார் கட்டியது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம். கமாவை நம்ப வேண்டாம். கமா அழிந்துபோனாலும் பொருள் மாறாதபடி இருப்பதுதான் நல்ல பத்திர வாக்கியம்.

‘மட்டும்’ தனக்கு முன்னால் நிற்கும் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும். “மூத்தவர் மட்டும் வளவு அறையைப் பயன்படுத்தலாம்”, “மூத்தவர் வளவு அறையை மட்டும் பயன்படுத்தலாம்” இரண்டும் வேறு வேறு உரிமைகள்.

அனுபவித்து, வரி கட்டி, ஓடு மாற்றி

“என் மனைவி ஆயுள்வரை அனுபவித்து வந்து, வரி கட்டி, பழுது பார்த்து, என் மகன்கள் அடைய வேண்டியது.” வரி கட்ட வேண்டியவர் யார்? தமிழில் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் முற்றுவினையின் எழுவாயையே தன் எழுவாயாகக் கொள்ளும். அந்த விதிப்படி ‘கட்டி, பார்த்து, அடைய’ எல்லாம் மகன்களுடையவை. ‘அனுபவித்து வந்து’ மட்டும் மனைவியுடையது. வாக்கியம் நடுவில் எங்கோ ஆள் மாறிவிட்டது. எங்கே என்பதற்கு அடையாளம் இல்லை. ஒரு பெரிய வீட்டில் ஓடு பிரித்து மாற்றி, மரம் பார்த்து, சுண்ணாம்பு அடிக்கும் செலவு சின்னச் செலவில்லை. அது ஆச்சி தலையிலா பிள்ளைகள் தலையிலா என்பதை இரண்டு வினையெச்சங்கள் முடிவு செய்யக் கூடாது. ஆள் மாறும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு எழுவாய், ஒரு முற்று.

இதே வாக்கியத்தில் ‘ஆயுள்வரை’ என்பதோடு, வேறொரு பத்தியில் ‘சர்வ சுதந்திர பாத்தியமாக’ (முழு உரிமையோடு) என்றும் எழுதிவைப்பார்கள், மரியாதைக்காக. இரண்டும் ஒத்துப்போகாது. உயிலில் ஒன்றோடொன்று எந்த வகையிலும் பொருந்தாத இரு கொடைகள் இருந்தால் பின்னால் வருவது நிற்கும் (இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 88). கிரயம், செட்டில்மெண்ட் போன்ற பத்திரங்களில் பொதுவாக முன்னால் வருவது நிற்கும். அதே இரு வாக்கியங்கள், அதே வரிசை; ஆவணத்தின் வகை மாறினால் முடிவு தலைகீழ். ‘ஜீவனாம்சத்துக்காக’ என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பதும் அப்படித்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 14-இல், பெண்ணுக்கு முன்பே இருந்த ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த ஆயுள் உரிமை முழு உரிமையாகிவிடும் என்று துளசம்மா வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த வாசகம் எந்த உட்பிரிவில் விழும் என்பதில் வாதங்கள் இன்னும் ஓயவில்லை. அலங்காரத்துக்காக அந்தச் சொல்லைப் போடாதீர்கள். எண்ணம் அதுவானால் மட்டும் போடுங்கள்.

‘மேற்படியார்’, ‘தன்’ என்ற சொற்களையும் தேடிப் பாருங்கள். மூன்று பேரைச் சொன்ன பிறகு வரும் மேற்படியார் மூவரில் எவரும் ஆகலாம். “முருகப்பனிடம் தன் பங்கை விற்கச் சொக்கலிங்கம் ஒப்புக்கொண்டார்” என்பதில் பங்கு யாருடையது என்று தெரிந்தாலும், “முருகப்பன் தன் பங்கை விற்கச் சொக்கலிங்கம் ஒப்புக்கொண்டார்” என்றதும் தடுமாற்றம் வந்துவிடுகிறது. நம்மில் 1-வது நபர், 2-வது நபர் என்று எண் கொடுத்து, ஒவ்வொரு முறையும் எண்ணையே எழுதுவது அழகாக இருக்காது. பத்திரத்துக்கு அது போதும்.

வரைவு தயாரானதும், குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவர் மூன்று காரியம் செய்ய வேண்டும்: வீட்டின் படத்தை வரைந்து யாருக்கு எந்த அறை என்று குறிக்க வேண்டும், பங்குகளைப் பின்னத்தில் எழுத வேண்டும், செலவு யாருடையது என்று சொல்ல வேண்டும். அவர் தயங்கிய வரியைத் திரும்ப எழுதுங்கள். குடும்பத்தாரே படித்தால் தயங்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விடை முன்பே தெரியும்.

கையெழுத்தாகி, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்ட பிறகு உயிலின் ஓரத்தில் பேனாவால் ஒரு ‘உம்’ சேர்ப்பது பயன்படாது. உயிலைப் போலவே எழுதியவரும் இரு சாட்சிகளும் அந்த மாற்றத்துக்கும் கையொப்பம் இட்டிருக்க வேண்டும் என்பது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 71. பெரிய திருத்தம் என்றால் இணைப்பு உயில் எழுதுங்கள். அதிலும் ‘இன்ன சொல்லுக்குப் பதில் இன்ன சொல்’ என்று எழுதாமல், அந்த வாக்கியம் முழுவதையும் புதிதாக எழுதி, பழைய வாக்கியம் நீக்கப்பட்டது என்று பத்தி எண்ணோடு குறிப்பிடுங்கள்.